குளிர்ந்த செயலி செய்த வியா ஏன் நிலைக்கவில்லை?

வண்டன்மேட்டுப் பக்கமிருந்து ஒரு தோட்டக்காரர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலத்தில் எங்கள் ஏலக்காய் ஸ்டோருக்கு வாங்கிய சின்னக் கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்த்தேன், வியா சி7 என்று போட்டிருக்கிறது. இன்டெல், ஏஎம்டி இரண்டும்தான் எனக்குத் தெரியும். இது யார்? கரண்ட் குறைவாக இழுக்கும் செயலியை இவர்கள் இன்டெலுக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்படியென்றால் ஏன் காணாமல் போனார்கள்? இந்தப் பெட்டியை வைத்துக்கொள்வதா, கழிப்பதா?"

உங்கள் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரி. (செயலி என்று இங்கே சொல்வது கைப்பேசி ஆப் இல்லை, கணினிக்குள் கணக்குப் போடும் முக்கியச் சில்லு.) மலையில் கணினி பழுது பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெட்டிகளின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. அதனாலேயே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெட்டியைக் கழிப்பதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

உங்கள் அப்பா ஏன் இதை வாங்கியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. மேற்கே இடுக்கி அணைத் தண்ணீரில் மூலமற்றத்தில் 780 மெகாவாட் மின்நிலையம் ஓடுகிறது. கிழக்கே பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நம் தோட்டங்களிலோ ஆடி மழையில் ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் போதும், கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. ஆட்கள் ஏறி வரும்வரை இன்வெர்ட்டர்தான் கதி. கணக்கு இதுதான்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் தாளில் 1800 வாட்-மணி இருக்கிறது. அடிவரை வடிக்காமல், மாற்றுகையில் போகும் இழப்பையும் கழித்தால் கையில் சுமார் 1000 நிற்கும். அந்தக் காலத்து பென்டியம் 4 பெட்டியும் கண்ணாடிக் குழாய் மானிட்டரும் சேர்ந்து 180 வாட் இழுத்தால் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்தது. சி7 பெட்டியும் ஒரு எல்.சி.டி. திரையும் 50 வாட்டுக்குள் அடங்கும். அதே பேட்டரியில் ஏறக்குறைய 20 மணி நேரம். அறுவடைக் காலத்தில் பச்சைக்காய் எடை போட்டு ஆளுக்குக் கூலி எழுதவேண்டிய நாளில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இன்னொன்று காற்றாடி. ஸ்டோரில் காய் உலரும்போது எழும் ஈரமும் விறகுப் புகையும் காயின் பொக்கும் ஒரு கணினியை என்ன செய்யும் என்பதைப் பென்டியம் 4 பெட்டியில் செயலியின் சூட்டை வாங்கும் தகடான ஹீட்சிங்கைக் கழற்றியவர்கள் பார்த்திருப்பார்கள். தகடுகளுக்கு நடுவில் பச்சையும் கறுப்புமாய்ப் பிசின் போன்ற ஒரு படலம் ஒட்டிக்கொண்டு, காற்றே நுழையாதபடி அடைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினால் ஏல வாசனை வரும். காற்றாடியின் பேரிங் துருவேறி உறுமத் தொடங்கிய சில மாதங்களில் செயலி சூடேறித் தானாக நின்றுபோகும். உங்கள் பெட்டியில் செயலியின் மேல் ஒரு சிறிய அலுமினியத் தகடு மட்டுமோ, மிஞ்சிப்போனால் ரூபாய் நாணயம் அளவுக் காற்றாடி ஒன்றோ இருக்கும். கெட்டுப்போவதற்கே அங்கே பொருள் குறைவு.

சரி, யார் இந்த வியா? 1987-இல் தொடங்கப்பட்டு தைவானின் தைபேயைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். தலைமையில் வென்சி சென்னும் சேர் வாங்கும். இந்தச் சேர் வாங்தான் பின்னால் எச்.டி.சி. கைப்பேசி நிறுவனத்தையும் தொடங்கியவர்களில் ஒருவர். வியாவின் முதல் பிழைப்பு செயலி கிடையாது. செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவில் உட்காரும் சிப்செட்டுகளைத்தான் செய்துகொண்டிருந்தது. 1999, 2000 வாக்கில் இன்டெல் விலை அதிகமான ராம்பஸ் நினைவகத்தை எல்லோர் தலையிலும் கட்டப் பார்த்தது. சாதாரண எஸ்.டி.ராமோடு ஒத்துப்போகவென்று 820 சிப்செட்டில் சேர்த்த ஒரு துணைச் சில்லில் கோளாறு வெளிப்பட, மதர்போர்டுகளைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. அந்த நேரத்தில் பி.சி.133 நினைவகத்தோடு ஒழுங்காக ஓடும் சிப்செட்டை வியா மலிவு விலைக்குக் கொடுத்தது. சென்னை ரிச்சி தெருவில் அப்போது போர்டு வாங்கியவர்கள் பலருடைய பெட்டிக்குள் வியா இருந்திருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல்.

அந்த லாபத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1999-இல் வியா இரண்டு செயலிக் கடைகளை வாங்கியது. நேஷனல் செமிகண்டக்டரிடமிருந்து சைரிக்ஸ்; ஐ.டி.டி. நிறுவனத்திடமிருந்து சென்டார். பெயர் பெற்றது சைரிக்ஸ், உண்மையில் பயன்பட்டது சென்டார். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் கிளென் ஹென்றி என்ற பழைய ஐ.பி.எம். பொறியாளர் 1995-இல் தொடங்கிய கூடம் அது. இன்டெலில் ஆயிரக்கணக்கானோர் செய்யும் வேலையை நூறு பேர் அளவில் வைத்துக்கொண்டு செய்தார்கள். அவர்களுடைய எண்ணம் எளிமையானது: கடிதம் தட்டுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் உச்ச வேகம் தேவையில்லை, சின்னதாக, மலிவாக, சூடில்லாமல் ஓடினால் போதும். 2000-க்குப் பிறகு இன்டெல் கிகாஹெர்ட்ஸ் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு குழு இருந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

2001-இல் சி3, 2005-இல் உங்களிடம் இருக்கும் சி7. சி7-ஐ ஐ.பி.எம். ஆலையில் 90 நானோமீட்டர் முறையில் வார்த்தார்கள் (இந்த எண் குறையக் குறையச் சில்லு சின்னதாகும்). சில்லின் பரப்பு 30 சதுர மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 2 கிகாஹெர்ட்ஸ் ஓட்டத்தில் உச்சமாக 20 வாட். அதே ஆண்டுகளில் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-இன் அளவு 115 வாட். மெதுவான ஓட்டத்தில் சி7 குடும்பத்துச் சில்லுகள் சில வாட்டிலேயே அடங்கிவிடும்.

புகழ்ந்தது போதும், குறையையும் சொல்லவேண்டும். சி7 மெதுவான செயலி. கட்டளைகளை வரிசை மாற்றாமல், ஒவ்வொன்றாக, வந்த வரிசையிலேயே முடிக்கும். ஒரே கிகாஹெர்ட்ஸில் வைத்து ஒப்பிட்டால் இன்டெலின் மடிக்கணினிச் செயலியான பென்டியம் எம் அதை எளிதாக முந்திவிடும். தசமக் கணக்கில் இன்னும் பின்தங்கும். முதல் சி3-களில் நிலைமை இன்னும் மோசம். பென்டியம் புரோ காலத்திலிருந்து மற்றவர்கள் வைத்திருந்த ஒரு கட்டளை அவற்றில் இல்லாததால், 686 வகைக்கென்று தொகுத்த லினக்ஸ் இயங்குதளம் அதில் கிளம்பாது. படங்காட்டும் பகுதிக்கான டிரைவர் மென்பொருளோ லினக்ஸ்காரர்களைப் பல ஆண்டுகள் அழவைத்தது.

ஆனால் ஓரிடத்தில் வியா இன்டெலுக்குப் பல ஆண்டுகள் முன்னால் நின்றது. 2003-இல் வந்த சி3 பதிப்பில் வன்பொருளிலேயே தற்செயல் எண் உருவாக்கும் பகுதி இருந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஏ.இ.எஸ். குறியாக்கமும் சேர்ந்தது. இதற்குப் பேட்லாக் என்று பெயர். இன்டெல் தன் செயலியில் ஏ.இ.எஸ். கட்டளைகளைக் கொண்டுவந்தது 2010-இல். ஒரு சின்ன வியா போர்டைப் போட்டு இரண்டு ஊர் அலுவலகங்களைப் பூட்டிய இணைப்பில் கோர்த்தால், தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள செயலியோடு அது மல்லுக்கு நிற்கும். மெதுவான செயலிதான், குறியாக்கத்தில் மட்டும் அப்படி இல்லை.

இன்னொரு சொத்தும் வியா விட்டுப்போனது. 2001-இல் 17 சென்டிமீட்டர் சதுரத்தில் மினி-ஐ.டி.எக்ஸ். என்ற போர்டு அளவை அறிவித்தது. அதற்கு முன் மேசைக் கணினி என்றால் ஒரு சூட்கேஸ். உங்கள் ஸ்டோரில் இருக்கும் பெட்டி அந்த அளவுப் போர்டாகத்தான் இருக்கவேண்டும், அளந்து பாருங்கள். பிறகு இன்டெலே அந்த அளவில் போர்டு செய்தது. இன்றைக்கும் எல்லாப் போர்டு நிறுவனங்களும் செய்கின்றன. அளவு வாழ்கிறது, கண்டுபிடித்தவர் பெயர் பெட்டியில் இல்லை.

இனி ஏன் காணாமல் போனார்கள் என்பதற்கு வருவோம்.

2007 வரை குறைந்த மின்சாரம், குறைந்த விலை இரண்டும் சேர்ந்த இடத்தை இன்டெல் கண்டுகொள்ளவில்லை. அதனிடம் பென்டியம் எம் என்ற நல்ல செயலி இருந்தது, ஆனால் மடிக்கணினிக்கான விலையில். மலிவான சில்லு செய்தால் தன்னுடைய விலை உயர்ந்த சில்லை வாங்குகிறவனே கீழே இறங்கிவிடுவான் என்பது பெரிய கடைக்காரருக்கு எப்போதும் இருக்கும் பயம். அந்தப் பயம் இருந்தவரை வியாவுக்கு வழி இருந்தது. தகவல் பலகை, சிறு சர்வர், சர்வரை நம்பி ஓடும் தின் கிளையன்ட் என்று ஓரங்களில் விற்றது. 2007 கடைசியில் அமெரிக்காவின் வால்மார்ட்டில் 199 டாலருக்குச் சி7 போட்ட லினக்ஸ் கணினி ஒன்றுகூட வந்தது.

அதே சமயம் அசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி வந்து, ஏழு அங்குலத் திரையோடு மளமளவென்று விற்றது. நெட்புக் என்ற சின்ன, மலிவு மடிக்கணினி வகையே பிறந்தது. 2008 ஏப்ரலில் எச்.பி. தன் முதல் சிறு மடிக்கணினியான 2133-ஐ வெளியிட்டபோது அதற்குள் இருந்தது வியா சி7-எம். அலுமினிய உடல், நல்ல விசைப்பலகை. உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று வியாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஏழாண்டு உழைப்புக்குப் பலன் கிடைக்கும் நேரம் என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

அதே ஏப்ரலில்தான் இன்டெல் ஆட்டம் (Atom) என்ற செயலியோடு இறங்கியது. 1.6 கிகாஹெர்ட்ஸ் என்270-க்கு 2.5 வாட். அடுத்த மாதக் கடைசியில் வியா தன் புதிய நானோ செயலியை வெளியிட்டது. 64 பிட், கட்டளைகளை வரிசை மாற்றிச் செய்யும் திறன், தசமக் கணக்கில் நல்ல வேகம். சென்டாரின் நூறு பேர் செய்த மிகச் சிறந்த வேலை இது. ஒரே வேகத்தில் ஓட்டினால் நானோ ஆட்டத்தை முந்தியது. ஆட்டமோ பழைய சி7 போலவே வந்த வரிசையில் கட்டளை முடிக்கும் வகை. தொழில்நுட்பமாக மட்டும் பார்த்தால் வியா முன்னேறியிருந்தது, இன்டெல் வேண்டுமென்றே பின்னால் இறங்கி வந்திருந்தது.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நானோவின் பரப்பு 63 சதுர மில்லிமீட்டர், ஃபுஜிட்சு ஆலையில் 65 நானோமீட்டர். ஆட்டத்தின் பரப்பு சுமார் 25 சதுர மில்லிமீட்டர், இன்டெலின் சொந்த ஆலையில் 45 நானோமீட்டர். ஒரே அளவு சிலிக்கான் தட்டிலிருந்து இன்டெலுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சில்லுகள் கிடைக்கும். வியா அந்தத் தட்டுக்கு ஃபுஜிட்சுவின் லாபத்தையும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டும். இன்டெலுக்கு ஆலை வீட்டுச் சொத்து. மின்சாரத்திலும் இதே கதை. 1.8 கிகாஹெர்ட்ஸ் நானோ உச்சத்தில் 25 வாட் கேட்டது. 8 வாட்டில் நிற்கும் வகையும் இருந்தது, ஆனால் வேகம் குறைந்து. குறைந்த மின்சாரம் என்பதையே தன் அடையாளமாக வைத்திருந்தவர், அதே களத்தில் தாளில் எழுதிய எண்ணில் தோற்றார்.

தாளில் எழுதிய எண் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெல் அந்த ஆண்டு மேசைக் கணினிக்கென்று ஆட்டம் 230 போட்ட ஒரு சின்ன மினி-ஐ.டி.எக்ஸ். போர்டு விற்றது. இந்தப் பக்கமும் பலர் வாங்கினார்கள். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தால் கண்ணில் படுவது ஒரு சிறிய காற்றாடி. செயலிக்குத்தான் என்று நினைப்பீர்கள். விரலால் தடம் பிடித்துப் பார்த்தால் செயலி பக்கத்தில் இன்னும் சின்னத் தகடு ஒன்றின் கீழ் சத்தமில்லாமல் இருக்கும், காற்றாடி ஓடுவது 945 சிப்செட்டின் மேல். செயலி 4 வாட், அதற்குத் துணை நிற்கும் சிப்செட் 22 வாட். மாப்பிள்ளையைவிடத் தோழன் அதிகம் சாப்பிட்ட கல்யாணம் அது. வியாவின் சிப்செட்டுகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 2009-இல் வந்த வி.எக்ஸ்.855 சில்லு 2.3 வாட்டில் உயர்தெளிவுக் காணொளியையும் ஓட்டியது. இருந்தும் கடையில் அட்டையில் அச்சிடுவது செயலியின் வாட்டைத்தான்.

விலைப் பேச்சுக்கும் வியாவிடம் பலம் இல்லை. ஆட்டத்தைத் தனியாக வாங்கினால் 45 டாலர், பழைய சிப்செட்டோடு சேர்த்து வாங்கினால் 25 டாலர் என்று இன்டெல் விற்பதாக 2009-இல், ஆட்டத்துக்குத் தன் சிப்செட்டை விற்கப் பார்த்த என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். இன்டெல் அதை ஏற்கவில்லை. என்விடியாவுக்கே இந்த நிலை என்றால் வியா எங்கே நிற்பது? எச்.பி. 2009 தொடக்கத்தில் 2140 என்று ஒன்றை வெளியிட்டது. ஏறக்குறைய அதே உடல், அதே விசைப்பலகை, திரை மட்டும் கொஞ்சம் பெரிது. உள்ளே ஆட்டம். அதற்குப் பிறகும் நானோவைச் சாம்சங் என்.சி.20-இல் போட்டது, லெனோவோ எஸ்12-இன் ஒரு வகையில் போட்டது, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கான ஓ.எல்.பி.சி. மடிக்கணினியின் இரண்டாம் பதிப்பு சி7-எம் கொண்டு வந்தது. ஆனால் வெள்ளம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லாமல் போகமுடியாது. ஒவ்வொரு செயலிக்குள்ளும் அது யார் என்று சொல்லும் பன்னிரண்டு எழுத்துப் பெயர் பதிந்திருக்கும். இன்டெலுடையது ஜெனுயின்இன்டெல், வியாவுடையது சென்டார்ஹால்ஸ். நானோவில் அந்தப் பெயரை மாற்றி எழுத முடிந்தது. 2008-இல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் அதே நானோவை, அதே போர்டில், பெயரை மட்டும் ஜெனுயின்இன்டெல் என்று மாற்றி பிசிமார்க் 2005 சோதனையை மறுபடி ஓட்டியது. நினைவகப் பகுதியின் மதிப்பெண் 47 சதவீதம் ஏறியது. சில்லில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. இன்டெல் அல்லாத செயலி என்று தெரிந்ததும் மென்பொருள் மெதுவான பாதையில் போயிருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சிறிய நிறுவனம் நல்ல பொருள் செய்தால் மட்டும் போதாது, அதை அளக்கிற படிக்கல்லும் நேராக இருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது உரிமம். எக்ஸ்86 கட்டளைத் தொகுதி, அதாவது இந்த வகைச் செயலிகளுக்குப் புரியும் மொழி, இன்டெலின் காப்புரிமைகளால் சூழப்பட்டது. விண்டோஸ் ஓடவேண்டும் என்றால் அந்தக் காலத்தில் அது தவிர வேறு வழியும் இல்லை. 2001-இல் வியாவின் பென்டியம் 4 சிப்செட்டை எதிர்த்து இன்டெல் வழக்குப் போட்டது. பல நாடுகளில் இழுத்தடித்து 2003 ஏப்ரலில் சமரசம் ஆனது: பத்தாண்டுக்குக் காப்புரிமை ஒப்பந்தம். அதாவது 2013-இல் முடியும். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் ஏலமலையில் எத்தனை தோட்டம் குத்தகைப் பட்டாவில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குத்தகை முடியும் தேதி கண்ணில் தெரியும்போது எவன் புதுச் செடி நட்டு மூன்றாண்டு காத்திருப்பான்? செயலி வடிவமைப்பும் மூன்று, நான்காண்டு வேலை. 2009 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் இன்டெலின் மேல் போட்டி ஒடுக்கல் வழக்குத் தொடுத்தது. 2010 ஆகஸ்டில் சமரசம். அதில் ஒரு நிபந்தனை, வியாவின் உரிமத்தை 2013-க்குப் பிறகு மேலும் ஐந்தாண்டு நீட்டிக்க இன்டெல் முன்வரவேண்டும் என்பது. நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் இன்டெலின் கம்பைலர் மற்றவர் செயலிகளுக்கு ஒரே மாதிரி உழைக்காமல் போகலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும் என்பதும் அதே சமரசத்தில் உண்டு. நீதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெட்புக் சந்தையில் இருந்த இடம் அதற்குள் போய்விட்டிருந்தது.

டிரான்ஸ்மெட்டா என்ற இன்னொருவரும் இதே களத்தில் இருந்தார். லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அங்கே வேலை பார்த்தார். 2000-இல் பெரிய ஆரவாரத்தோடு க்ரூசோ என்ற குறைமின் செயலியை வெளியிட்டு, 2005-இல் சில்லு விற்பனையிலிருந்து விலகத் தொடங்கியது. அவர்களோடு ஒப்பிட்டால் வியா பல்லைக் கடித்துக்கொண்டு நீண்ட காலம் தாக்குப் பிடித்தது என்றே சொல்லவேண்டும்.

2013-இல் ஷாங்காய் மாநகர அரசோடு சேர்ந்து வியா ஜாவோக்ஸின் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. சென்டாரின் வடிவமைப்புகளை வேராகக் கொண்டு அவர்கள் இன்றைக்கும் சீனாவுக்குள் எக்ஸ்86 செயலி செய்கிறார்கள். ஆஸ்டின் கூடம் கடைசியாக எட்டுக் கருவுள்ள, செயற்கை நுண்ணறிவுக்கான துணைப்பகுதியையும் சேர்த்த ஒரு சில்லைச் செய்துகாட்டியது. அது விற்பனைக்கு வரவில்லை. 2021 நவம்பரில் சென்டாரின் பொறியாளர்கள் சிலரைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ள இன்டெல் 12.5 கோடி டாலர் கொடுத்தது. வியா என்ற நிறுவனம் சாகவில்லை, வேறு தொழில்களில் இருக்கிறது. சாதாரண மனிதன் கடைக்குப் போய் வாங்கும் வியா செயலிதான் இல்லை.

ஜெயித்த இன்டெலுக்கு என்ன கிடைத்தது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. நெட்புக்கை ஐபேடும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஓரங்கட்டின. அவற்றில் இருந்தது ஆர்ம் வகைச் செயலி. ஆட்டத்தைக் கைப்பேசிக்குள் நுழைக்க இன்டெல் எவ்வளவோ முயன்றது. 2014-இல் மட்டும் அதன் கைப்பேசிப் பிரிவு 420 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. 2016-இல் கைப்பேசிக்கான ஆட்டம் திட்டங்களைக் கைவிட்டது. ஆர்ம் நிறுவனம் அந்த ஆண்டுகளில் சில்லே விற்றதில்லை. வடிவமைப்பையும் உரிமத்தையும் கேட்கிற எல்லோருக்கும் விற்கிறது. அதனால்தான் அங்கே சிறியவர்களும் பிழைக்கிறார்கள். வியாவே 2012-இல் 49 டாலருக்கு ஒரு சின்ன ஆண்ட்ராய்டு போர்டு வெளியிட்டது, உள்ளே இருந்தது ஆர்ம். எக்ஸ்86 உரிமத்துக்காக அத்தனை வழக்கு நடத்தியவர்கள் இந்தப் பக்கம் வந்து நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ரிஸ்க்-வி வந்த பிறகு கட்டளைத் தொகுதிக்கு உரிமம் கேட்கவே வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுதி அது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, திருவனந்தபுரம் சி-டாக் ஆய்வு நிறுவனத்தின் வேகா ஆகிய செயலிகள் இரண்டும் அதன் மேல் எழுந்தவை. வேகா குடும்பத்தின் தேஜஸ்32 சில்லைப் போட்ட ஏரீஸ் போர்டுகளை மாணவர்கள் வாங்கிப் பழகலாம். 100 மெகாஹெர்ட்ஸ் ஓட்டம்தான். உங்கள் கணக்குப்பிள்ளையின் கணினியை அது மாற்றாது. உலர்கூடத்தின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து, விறகு தள்ளவேண்டிய நேரத்தில் மணியடிக்கிற கருவிக்கு இதைவிட அதிகம் தேவையுமில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். சி7 வெறும் 32 பிட் செயலி. அந்த வகைப் போர்டுகள் பலவற்றில் நினைவகம் 1 ஜி.பி.யோடு நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு முடிந்தது. லினக்ஸிலும் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது. ஆகவே இணையத்தில் இணைத்து வங்கி வேலையோ, புற்றடி ஏலக்காய் ஏல விற்பனை சம்பந்தப்பட்ட கடவுச்சொல்லோ இதில் வேண்டாம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, எடை எழுதவும் பழைய கணக்கைப் புரட்டவும் என்றால் ஓடுகிற வரை ஓடட்டும்.

புதிதாக வாங்குவதானால் இன்டெல் என்100 போட்ட சிறு கணினி ஒன்று போதும். 2023-இல் வந்த நான்கு கருச் செயலி, 6 வாட். முழுப் பெட்டியும் சாதாரண வேலையில் 10 முதல் 20 வாட்டுக்குள் இருக்கும். காற்றாடி இல்லாத உலோக உடல் வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஸ்டோருக்கு அதுதான் சரி. இவற்றில் பல 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை என்பதால் சிலர் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அந்தப் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பழைய பெட்டியை அணைப்பதற்கு முன் வன்தட்டிலிருக்கும் கணக்கை இரண்டு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். தட்டை வெளியே எடுத்து, ஐ.டி.இ. வகையா சாட்டா வகையா என்று பார்த்து, அதற்கேற்ற யு.எஸ்.பி. மாற்றி ஒன்றில் மாட்டினால் வேலை சுலபம். திறந்த கையோடு போர்டிலுள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். மேல் தட்டு உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ நகலெடுப்பதை இன்றைக்கே முடித்துவிடுங்கள், அடுத்த மழைக்குக் காத்திருக்கவேண்டாம்.